எந்த விளக்குக்கு எந்த எண்ணெய்? வாசகர் கேள்வி பதில்

திருக்கார்த்திகை நெருங்குவதால் இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் விளக்கைப் பற்றியே பேசுகின்றன. திரி கருகுகிறது, புகைகிறது, அணைந்துவிடுகிறது என்று குறைகள் பலவிதம். அவற்றில் முக்கால்வாசிக்குக் காரணம் ஒன்றுதான்: ஓர் எண்ணெய்க்கென்று செய்த விளக்கில் வேறோர் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள்.

தாத்தா காலத்து அரிக்கேன் விளக்கு வீட்டில் இருக்கிறது. மண்ணெண்ணெய் கிடைக்காததால் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். ஐந்து நிமிடம் மினுக்கிவிட்டுத் திரி கருகி அணைந்துவிட்டது. எண்ணெயில் கலப்படமா?
*வாசகி, செந்தூல்*

எண்ணெய் நல்ல எண்ணெயாகத்தான் இருக்கும். அரிக்கேன் விளக்கில் தொட்டிக்கும் சுடருக்கும் நடுவே நான்கைந்து அங்குலத் திரி இருக்கிறது. அந்தத் தூரத்தை எண்ணெய் தானாக ஏறிக் கடக்க வேண்டும். மண்ணெண்ணெய் தண்ணீரைப் போல மெலிந்தது, சரசரவென்று ஏறிவிடும். தேங்காய் எண்ணெய் அதைவிட ஏறத்தாழ இருபது மடங்கு பிசுபிசுப்பானது. சுடர் கேட்கும் வேகத்துக்கு அதனால் ஏற முடியாது. முதலில் திரியில் ஊறியிருந்தது எரியும். பிறகு எரிய எண்ணெய் இல்லாமல் திரியே எரியும். நீங்கள் பார்த்த கருகல் அதுதான்.

நம் அகலும் குத்துவிளக்கும் ஏன் தட்டையாக, எண்ணெய் சுடரை ஒட்டியே நிற்கும்படி இருக்கின்றன என்பதற்கும் இதுவே விடை. எண்ணெய் ஓர் அங்குலம் ஏறினால் போதும். ஐரோப்பாவிலும் தாவர எண்ணெயை வைத்துக்கொண்டு இதே தொல்லையைத்தான் பட்டார்கள். 1780இல் ஆர்கன்ட் என்பவர் உள்ளீடற்ற வட்டத் திரியும் நடுவே காற்றுவழியும் வைத்து வெளிச்சத்தைப் பல மடங்காக்கினார். ஆனால் எண்ணெய்த் தொட்டியைச் சுடரின் உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. 1800இல் கார்செல் என்பவர் கடிகாரப் பொறியை வைத்து எண்ணெயை மேலே இறைத்தார். 1850களில் மண்ணெண்ணெய் வந்த பிறகுதான் தொட்டி கீழே, சுடர் மேலே என்ற எளிய வடிவம் சாத்தியமாயிற்று. உங்கள் தாத்தாவின் விளக்கு அந்த வம்சம்.

இப்போது செய்ய வேண்டியது: தேங்காய் எண்ணெயை முழுக்க வடித்துவிடுங்கள். அரைக் கோப்பை மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். இரண்டு முறை செய்யலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம், தொட்டியின் உட்புறம் துருப்பிடிக்கும். பழைய திரியைக் காப்பாற்ற முயல வேண்டாம். புதிய பருத்தித் திரியை அதே அகலத்தில் வாங்குங்கள். நைலான் கலந்த நாடா உருகி பர்னரில் ஒட்டிக்கொள்ளும். திரி போட்டதும் 20 நிமிடம் ஊறவிட்டு ஏற்றுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால், திரி விளக்குக்கு என்றே குறிப்பிட்டு விற்கப்படும் நிறமற்ற பாரஃபின் எண்ணெய் சரிவரும். வாசனையும் சாயமும் சேர்த்தவை திரியை அடைக்கும்.

தேங்காய் எண்ணெய்தான் எரிய வேண்டும் என்றால் ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர், மேலே ஒரு விரற்கடை எண்ணெய், அதன்மேல் மிதக்கும் திரி. எண்ணெய் தீர்ந்ததும் தண்ணீர் திரியைத் தொட்டுச் சுடர் தானே அடங்கிவிடும்.

அடுக்குமாடி வீட்டில் சாமி அறையும் படுக்கை அறையும் ஒன்றுதான். இரவில் ஏர்கோன் போட்டால் விளக்கு அணைந்துவிடுகிறது. காற்று படாமல் மறைத்தும் பயனில்லை.
*வாசகர், பங்சார்*

தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறோம். அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். கோலாலம்பூரில் சாதாரணமாக அது உறைந்து நாம் பார்ப்பதில்லை. உங்கள் ஏர்கோன் அறையில் பார்க்கலாம். சுடரைச் சுற்றி மட்டும் உருகி நிற்கும், ஓரத்தில் இருப்பது வெண்மையாகக் கெட்டிப்பட்டுத் திரிக்கு வந்து சேராது. நல்லெண்ணெய்க்கு மாறுங்கள். ஆனால் ஒன்று: கதவு, சன்னல் மூடிய அறையில் விளக்கை எரியவிட்டுத் தூங்க வேண்டாம். படுக்கும் முன் அமர்த்திவிடுங்கள்.

வீட்டில் துக்கம். பதினாறு நாள் விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு எண்ணெய் தேவை? எப்படிக் கவனிப்பது?
*வாசகி, பட்டர்வொர்த்*

உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். கணக்கு இது: மெல்லிய ஒற்றைத் திரி, நகக்கண் உயரச் சுடர் என்றால் மணிக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் எரியும். ஒரு நாளைக்கு 120. பதினாறு நாளுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று லிட்டர் நல்லெண்ணெய் வாங்கி வைத்தால் கவலையில்லை. திரி தடித்தால் இந்தக் கணக்கு இரட்டிக்கும். அதனால் திரியை விளக்கு மூக்குக்குள் தளர்வாக நகரும் பருமனுக்கே திரியுங்கள். இறுக்கித் திரித்தால் எண்ணெய் ஏறாது, பஞ்சாக விட்டால் மளமளவென்று எரிந்து புகையும்.

அணைவது பெரும்பாலும் எண்ணெய் தீர்ந்து அல்ல. திரி நுனியில் கரி மொட்டுக் கட்டி, அது கனத்து எண்ணெயில் விழும்போதுதான். ஐந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதை நீக்க வேண்டும். நீக்கும் முன் பக்கத்தில் இன்னொரு திரியைப் போட்டு, முதல் சுடரிலிருந்து அதை ஏற்றிக்கொள்ளுங்கள். புதியது நிலையாக நின்ற பிறகு பழையதைக் குச்சியால் இழுத்து எடுக்கலாம். இப்படி மாற்றிக்கொண்டே போனால் தீ தொடர்ச்சி அறாது. இரவு படுக்கும் முன் ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை என்று வீட்டில் இருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் மட்டம் விளிம்பிலிருந்து அரை அங்குலத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். ஊற்றும்போது சுடருக்கு எதிர்ப்பக்கத்தில், கரண்டி விளிம்பு வழியாக மெல்ல விடுங்கள். துக்கம் விசாரிக்க வருபவர்களுக்காகக் கூடத்து மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் சுடர் ஆடினால் புகையும் கூடும், எண்ணெயும் கூடுதலாகப் போகும். மேலும் கீழும் திறந்த கண்ணாடிக் கூண்டு ஒன்றை, அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டுச் சுற்றி வையுங்கள். அடியை முழுக்க மூடினால் காற்றில்லாமல் சுடர் திணறும். விளக்கை மணல் பரப்பிய எவர்சில்வர் தட்டில் வைத்து, படத்துக்குப் போட்ட மாலையும் திரைச்சீலையும் எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டில் எல்லாரும் உறங்கும் நேரத்தில் கட்டாயம் ஒருவர் விழித்திருக்க வேண்டும். முடியாத இரவில், பெரியவர்களிடம் சொல்லி, அந்தச் சில மணி நேரத்துக்கு மின்விளக்கு ஒன்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை என்பது எங்கள் கருத்து.

பித்தளைக் குத்துவிளக்கின் குழியில் பச்சையாக ஏதோ பிசின் போலப் படிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் ஒரு வாரத்தில் திரும்ப வருகிறது.
*வாசகி, ஜாலான் ஈப்போ*

எண்ணெய் நாள்பட்டுச் சிக்கடிக்கும்போது அதில் அமிலம் பிரியும். அந்த அமிலம் பித்தளையிலுள்ள செம்பைத் தின்று பச்சை நிறச் சவர்க்காரம் போன்ற ஒன்றை உண்டாக்குகிறது. தேய்ப்பதை விட, எண்ணெயைத் தேங்கவிடாமல் இருப்பதே மருந்து. தினமும் எரியும் அளவுக்கே ஊற்றுங்கள். மிஞ்சியதன் மேல் புதியதை ஊற்ற வேண்டாம். படிந்ததை எடுக்க: வெந்நீரும் பாத்திரச் சோப்பும் கொண்டு முதலில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள், பிறகு புளி. பலர் பிசுக்கோடேயே புளியைத் தேய்க்கிறார்கள். புளி உலோகத்தைத் தொடவே தொடாது. கழுவியதும் துடைத்து, சிறிது நேரம் வெயில் காட்டுங்கள். பச்சைப் படிவை வெறும் நகத்தால் சுரண்டாதீர்கள், கையைக் கழுவாமல் சமையலுக்குப் போகாதீர்கள்.

பழைய சாமான் சந்தையில் அரிக்கேன் விளக்கு ஒன்று வாங்கினேன். மண்ணெண்ணெய்தான் ஊற்றுகிறேன். ஆனாலும் சுடர் இரண்டு கொம்பாகப் பிரிந்து, பத்து நிமிடத்தில் கண்ணாடி கறுத்துப்போகிறது.
*வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு*

கொம்பு முளைப்பது திரி வெட்டின் கோளாறு. பர்னர் வாயின் மேல்விளிம்போடு திரியைச் சமமாக இறக்கி, கூரான கத்தரியால் ஒரே வெட்டாக நேராக வெட்டுங்கள். பிறகு இரு மூலைகளிலும் மயிரிழை அளவு மட்டும் நறுக்கிவிடுங்கள். நூல் பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்த இடத்தில் சுடர் நாக்கு நீட்டும். அடுத்த நாள் முதல் கத்தரி தேவையில்லை; ஆறிய திரியின் கரியைத் துணியால் ஒரு பக்கமாகத் துடைத்தால் போதும்.

கண்ணாடி கறுப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, திரியை அதிகம் ஏற்றுகிறீர்கள். ஏற்றியதும் தாழ்வாக வைத்து ஐந்து நிமிடம் விளக்கைச் சூடாக விடுங்கள்; சூடானதும் சுடர் தானே கொஞ்சம் உயரும். அதற்கு முன்பே சுடரைத் தூக்கினால் புகையும், குளிர்ந்த கண்ணாடி வெடிக்கவும் கூடும். இன்னொன்று காற்றுவழி. இருபுறமும் கைப்பிடி போல் தெரிகிற வளைந்த குழாய்கள் அலங்காரத்துக்கு அல்ல. மேலிருந்து காற்றை பர்னருக்கு இறக்குபவை. பல வருடம் கொட்டகையில் தொங்கிய விளக்கில் மண்குளவி கூடு கட்டியிருப்பது மிகவும் சகஜம். கண்ணாடியையும் பர்னரையும் கழற்றிவிட்டு மேலிருந்து ஊதிப் பாருங்கள். மெல்லிய கம்பியால் குத்திக் குலுக்கினால் மண் கொட்டும். பர்னரின் அடித்தட்டிலுள்ள பொடித் துளைகளையும் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துத் திறந்துவிடுங்கள்.

ஏற்றும் முன் இன்னொன்று. தொட்டியில் பாதி மண்ணெண்ணெய் ஊற்றி, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தாளில் வட்டக் கறை இருந்தால் அடியில் துருவின் ஊசித்துளை இருக்கிறது. ஈயம் வைத்துப் பற்றவைத்த பிறகே ஏற்றலாம். கசியாவிட்டாலும் தொட்டியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். சூட்டில் எண்ணெய் விரிந்து திரிவழியாக வழியும். எரியும்போது ஒருநாளும் ஊற்றாதீர்கள்.

நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் ஏற்றும் பெலித்தா என்ற சிறு திரி விளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. கார்த்திகைக்கு அதில் நல்லெண்ணெய் ஊற்றி வரிசையாக வைக்கலாமா? எரியவில்லையென்றால் கொஞ்சம் பெட்ரோல் கலக்கலாம் என்கிறார் ஒருவர்.
*வாசகர், கம்போங் பாரு அருகே*

பெலித்தாவின் திரிக்குழல் மண்ணெண்ணெய்க்கு அளந்து வைத்தது. நல்லெண்ணெய் அதில் நிற்காது. செந்தூல் வாசகிக்குச் சொன்னதேதான். வெளிவாசலில் மண்ணெண்ணெயோடு ஏற்றுங்கள், அழகாக இருக்கும். டீசல் எரியும், ஆனால் புகையும் நாற்றமும் அதிகம்.

பெட்ரோல் ஒரு துளியும் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற அது 38 டிகிரி அளவுக்காவது சூடாக வேண்டும். பெட்ரோலுக்கு அது பூச்சியத்துக்கும் 40 டிகிரி கீழே. அதாவது நம் ஊர்ச் சூட்டில் பெலித்தாவுக்குள் எப்போதும் பற்றத் தயாரான ஆவி நிறைந்திருக்கும். கலந்தாலும் அந்தக் குணம் போகாது. இதே காரணத்தால், மண்ணெண்ணெய் டின்னைக்கூட வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். அகலில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஆபத்து: எண்ணெய்ப்பரப்பு திறந்திருப்பதால், சூடேறியதும் திரியை விட்டு அகல் முழுக்கத் தீ பரவிவிடும். அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கனமான மூடியால் கவிழ்த்து மூடுங்கள்.

பெட்ரோமாக்ஸ் விளக்கு. ஏற்றினால் மேண்டில் என்ற வலைப்பை ஒளிராமல் மஞ்சள் தீ கொழுந்துவிட்டு மேலே வருகிறது. பழுதா?
*வாசகர், பாலேக் பூலாவ்*

அநேகமாகப் பழுதில்லை, அவசரம்தான். இந்த விளக்கில் எரிவது மண்ணெண்ணெய் அல்ல, மண்ணெண்ணெயின் ஆவி. மேண்டிலுக்குப் பக்கத்தில் செல்லும் பித்தளைக் குழல் முதலில் நன்றாகக் காய வேண்டும். அது காயும் முன் திறந்தால் எண்ணெய் எண்ணெயாகவே பீய்ச்சி மஞ்சளாகப் பற்றும்.

ஸ்பிரிட் கிண்ணத்தை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் நிரப்பிப் பற்றவையுங்கள். அது ஏறக்குறைய முழுதும் எரிந்து தீரும்வரை காத்திருங்கள். காற்றுள்ள இடமென்றால் அணைந்து ஆறிய பின் இன்னொரு கிண்ணம். அதற்குப் பிறகே பம்ப் அடித்துத் திறக்க வேண்டும். மஞ்சள் தீ வந்தால் உடனே அழுத்தம் விடும் திருகைத் திறந்து, அடங்கவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். மேலும் பம்ப் அடித்தால் தீ பெரிதாகும்.

நன்றாகக் காய்ச்சியும் வெளிச்சம் மங்கலாக இருந்தால் துளையில் கரி. கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளிருக்கும் ஊசி துளைக்குள் ஏறி இறங்கிக் குத்திவிடும். பம்ப் அடித்தும் அழுத்தம் ஏறவில்லையா? பம்ப்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். கழற்றி, எண்ணெயில் ஊறவைத்து, விரலால் விளிம்பை விரித்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். மேண்டிலில் ஓட்டை விழுந்தால் அன்றே மாற்றுங்கள். ஓட்டை வழியே பாயும் தீ நேராகக் கண்ணாடியைத் தாக்கி விரிசல்விடச் செய்யும். பழைய மேண்டில்கள் 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் ஒரு விழுக்காடு சீரியம் ஆக்சைடும் கொண்டவை. தோரியம் சிறிது கதிரியக்கம் உள்ளது. உதிர்ந்த சாம்பலை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மலாயில் இதை லம்பு காசோலின் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு யாரும் பெட்ரோல் ஊற்றிவிடக் கூடாது. பெட்ரோமாக்ஸ் மண்ணெண்ணெய் விளக்கு. 500 மெழுகுவர்த்தித் திறனுள்ளது ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மணி நேரம் எரியும்.

அந்தக் காலத்தில் புன்னை எண்ணெயில் விளக்கேற்றுவார்கள் என்கிறார் பாட்டி. இங்கே புன்னை உண்டா?
*வாசகி, ஜெலுத்தோங்*

நீங்கள் வசிக்கும் பினாங்குத் தீவிலேயே உண்டு. மலாயில் பெனாகா லாவுட் என்பது நம் புன்னைதான். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்றே பெயர். உருண்டைக் காய்கள் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். பச்சைப் பருப்பைப் பிழிந்தால் ஏமாற்றம்தான். ஓட்டை உடைத்துப் பருப்பை ஒன்றிரண்டு மாதம் நிழலில் உலர்த்த வேண்டும். உலர உலரத்தான் அது பழுப்பேறி எண்ணெய் கசியும். கரும்பச்சை நிறம், பிசின் வாசனை, நல்லெண்ணெயைவிடப் புகை அதிகம். வாசலுக்கு ஏற்றது, சாமி அறைக்கு அல்ல. உண்ணத் தகாதது என்பதால் புட்டியில் எழுதி ஒட்டி வையுங்கள்.

பாட்டியிடம் விளக்கெண்ணெய் பற்றியும் கேளுங்கள். ஆமணக்கு எண்ணெய்க்கு விளக்கின் பெயரையே தந்திருக்கிறோம். நின்று நிதானமாக எரியும். ஆனால் தேங்காய் எண்ணெயைவிடப் பத்து மடங்கு அளவுக்குக் கெட்டி. தனியாக ஊற்றினால் மெல்லிய திரியில் ஏறாது. நல்லெண்ணெய் மூன்று பங்குக்கு விளக்கெண்ணெய் ஒரு பங்கு கலந்தால் சரியாக நிற்கும்.

ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்கள் தலையில் கட்டிய விளக்கு எது? கண்காட்சிக்காகக் கேட்கிறேன்.
*கல்லூரி மாணவர், கோலாலம்பூர்*

மண்ணெண்ணெய்த் திரி விளக்கும் இருந்தது, கார்பைட் விளக்கும் இருந்தது. கார்பைட் விளக்கில் மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைட் கல். திருகைத் திறந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின் மேல் விழும். அசெட்டிலீன் வாயு எழுந்து முன்னாலுள்ள சிறு துளையில் வெள்ளைச் சுடராக எரியும். ஒரு கிலோ கல் 300 லிட்டர் அளவுக்கு வாயு தரும். விடியுமுன் சீவக் காரணம், வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக வடியும். கண்காட்சியில் விளக்கை மட்டும் வையுங்கள், கல்லை வைக்க வேண்டாம். ஈரக்காற்றுப் பட்டாலே வாயு கிளம்பும்.

எங்கள் வீட்டுத் தூண்டாமணி விளக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. இப்போது எண்ணெய் நிற்காமல் வழிந்துகொண்டே இருக்கிறது.
*வாசகர், பிரிக்பீல்ட்ஸ்*

அருமையான பொருளை வைத்திருக்கிறீர்கள். கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த புட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள குமிழுக்குள் எண்ணெய் அடைபட்டிருக்கிறது. அதன் துளை தட்டிலுள்ள எண்ணெயில் மூழ்கியிருக்கிறது. எண்ணெய் எரிந்து மட்டம் இறங்கித் துளை வெளியே தெரிந்ததும் ஒரு குமிழிக் காற்று உள்ளே போகும், அந்த அளவுக்கு எண்ணெய் வெளியே வரும், துளை மறுபடி மூழ்கும், வரத்து நிற்கும். இலங்கையில் தெதிகமவில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கும் இந்தத் தத்துவத்தில் இயங்குவதுதான்.

வழிந்துகொண்டே இருந்தால் குமிழுக்குள் வேறு வழியாகக் காற்றுப் புகுகிறது. எண்ணெயை வடித்து, வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவையுங்கள். துளையை விரலால் அடைத்துக்கொண்டு குமிழைத் தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள். எங்கிருந்து குமிழி வருகிறதோ அங்கே விரிசல். பெரும்பாலும் மூடியின் திருகிலோ, இரண்டு பாதியும் இணையும் பற்றுவாயிலோ இருக்கும். திருகென்றால் தேன்மெழுகு தடவி இறுக்கினால் போதும். பற்றுவாய் என்றால் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் வைத்து அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். விரிசலே இல்லையென்றால் சுடர் குமிழுக்கு மிக அருகில் இருக்கிறதா பாருங்கள். உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து எண்ணெயைத் தள்ளும். குமிழில் எண்ணெய் குறையக் குறையக் காற்று மிகும்; அப்போதுதான் இந்தத் தொல்லை அதிகமாகும். பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பி வாருங்கள்.